‘இடியோசின்கிரசி’ என்றால் கிறுக்குத்தனமா? அப்படியானால் மருந்துத் தாளில் அதற்கென்ன வேலை?

ஆங்கில நாளிதழில் ஓர் அரசியல்வாதியைப் பற்றியோ இசைக் கலைஞரைப் பற்றியோ எழுதும்போது ‘இடியோசின்கிரசி’ என்று ஒரு சொல் வரும். அகராதியைத் திறந்தால் ‘விசித்திரப் பழக்கம்’, ‘வினோதக் குணம்’ என்று போட்டிருக்கும். சரி, புரிந்துவிட்டது என்று மூடி வைத்திருப்போம். அப்புறம் ஒருநாள் மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாளை விரித்தால் அங்கேயும் ‘இடியோசின்கிரேட்டிக் ரியாக்‌ஷன்’ வரலாம் என்று ஒரு வரி. மாத்திரைக்கு என்ன விசித்திரப் பழக்கம்? போதாக்குறைக்கு மியூச்சுவல் ஃபண்ட் கட்டுரைகளில் ‘இடியோசின்கிரேட்டிக் ரிஸ்க்’.

மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் உள்ளவர்களுக்கு ஆங்கில அகராதிச் சண்டைகள் புதிதல்ல. எல்லைக்கு அந்தப்புறம் திருவனந்தபுரத்துக்கு எம்.பி. சசி தரூர். 2017-இல் அவர் ‘ஃபராகோ’ என்று எழுதியபோதும், 2018-இல் வாசித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கும் ‘ஃப்ளாக்சிநாசிநிஹிலிபிலிஃபிகேஷன்’ என்று எழுதியபோதும் ஊரே அர்த்தம் தேடியது. ஆனால் ‘இடியோசின்கிரசி’ அந்த ரகம் இல்லை. இது படம் காட்டுகிற சொல் அல்ல, வேலை செய்கிற சொல். ‘விசித்திரப் பழக்கம்’ என்பது அதற்குக் கடைசியாக ஒட்டிக்கொண்ட அர்த்தம், என்னைக் கேட்டால் அதன் அர்த்தங்களிலேயே சுவாரசியம் குறைந்ததும் அதுதான். அடியில் இருக்கும் அர்த்தம் நம் வீட்டில் தினமும் புழங்குகிற ஒன்று: உடம்பு வாகு. அதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

சொல்லை உடைத்துப் பார்த்தால்

மூன்று கிரேக்கத் துண்டுகள் சேர்ந்தது இது.

1. இடியோஸ்: ஒருவருக்கே உரியது, சொந்தமானது. ‘இடியம்’ என்பது இதிலிருந்து வந்தது, ஒரு மொழிக்கே உரிய வழக்கு. ‘இடியட்’ கூட இதே வேர்தான். பழைய கிரேக்க நகரங்களில் பொதுக் காரியத்தில் தலையிடாமல் தன் பாட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பவருக்கு ‘இடியோட்டெஸ்’ என்று பெயர், பிறகு விவரம் தெரியாதவர், அதற்கும் பிறகு முட்டாள் என்று கீழே இறங்கியது. நோய்க்குக் காரணம் பிடிபடாதபோது மருத்துவர்கள் எழுதும் ‘இடியோபதிக்’கும் இந்த வீட்டுப் பிள்ளையே.

2. சின்: கூட, சேர்ந்து. ‘சிம்ஃபனி’, ‘சிந்தெசிஸ்’ எல்லாவற்றிலும் இருப்பது.

3. கிராசிஸ்: கலத்தல், கலவை. கிரேக்கர்கள் திராட்சை மதுவைத் தண்ணீர் கலந்துதான் குடிப்பார்கள், கலக்காமல் குடிப்பது நாகரிகமற்றவர்களின் வேலை என்பது அவர்கள் நினைப்பு. அந்தக் ‘கலவை’தான் இன்றைய கிரேக்கத்தில் மதுவுக்கே பெயராகி ‘கிராசி’ என்று நிற்கிறது.

மூன்றையும் சேர்த்தால்: ஒருவருக்கே உரிய கலவை. பழக்கம் என்றோ விசித்திரம் என்றோ எதுவும் இதில் இல்லை, கவனியுங்கள்.

ஒரு சின்ன உபயோகம். இந்தச் சொல்லை ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் ‘சி’ எழுத்தா ‘எஸ்’ எழுத்தா என்று படித்தவர்களே தடுமாறுவார்கள். ‘டெமாக்கிரசி’, ‘பியூரோக்கிரசி’ ஆகியவற்றின் வால் ‘கிராட்டோஸ்’, அதாவது அதிகாரம். இதன் வால் ‘கிராசிஸ்’, கலவை. ஆகவே இங்கே ‘எஸ்’. அதிகாரம் நடத்துகிற சொற்களோடு இதைச் சேர்க்காதீர்கள்.

எதன் கலவை?

ஹிப்போகிரட்டஸ் பெயரால் வழங்கும் மருத்துவ மரபில் தொடங்கி, கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கேலன் என்ற கிரேக்க மருத்துவர் கையில் முழு உருப்பெற்ற கணக்கு இது. உடம்பில் நான்கு நீர்கள்: இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம். இரத்தம் சூடும் ஈரமும், சளி குளிர்ச்சியும் ஈரமும், மஞ்சள் பித்தம் சூடும் வறட்சியும், கரும்பித்தம் குளிர்ச்சியும் வறட்சியும். இவை கலந்திருக்கும் அளவுதான் ஒருவரின் உடம்பையும் சுபாவத்தையும் தீர்மானிக்கிறது என்றார்கள். அளவு கெட்டால் நோய்.

நாடி பிடித்துப் பார்த்து “உனக்குப் பித்த உடம்பு” என்று சொல்லும் ஆசான்களும், கோட்டாறு ஆயுர்வேதக் கல்லூரியும், கோட்டக்கல் தைலமும் எட்டும் தூரத்தில் இருக்கும் நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. அங்கே நான்கு, இங்கே வாதம், பித்தம், கபம் என்று மூன்று. பட்டியலும் தத்துவமும் வேறு வேறுதான், இரண்டும் ஒன்று என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் கேட்கும் கேள்வி ஒன்று: ஒரே சாப்பாடு, ஒரே மழை, ஒரே மருந்து, ஏன் இவனுக்கு ஒத்துக்கொள்கிறது, அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை?

பொதுவான மருத்துவத்தைச் சொல்லிவிடலாம், ஆனால் ஒவ்வொரு நோயாளிக்கும் உரிய தனிக்கலவையைச் சொல்லில் பிடிக்க முடிவதில்லையே என்பது கேலனுக்கே இருந்த ஆதங்கம். அந்தத் தனிக்கலவைக்குத்தான் கிரேக்கத்தில் ‘இடியோசின்கிராசியா’ என்று பெயர்.

இதன் உறவுக்காரச் சொற்கள் ஆங்கிலத்தில் கொட்டிக் கிடக்கின்றன. ‘கலவை’யை லத்தீனில் ‘டெம்பெரமென்ட்டும்’ என்றார்கள், அதிலிருந்து வந்ததுதான் கோபத்துக்கும் குணத்துக்கும் சொல்லும் டெம்பர், டெம்பரமென்ட். ‘காம்ப்ளெக்ஸியோ’ என்றும் சொன்னார்கள். உள்ளே இருக்கும் கலவை முகத்தில் தெரியும் என்ற நம்பிக்கையால் ‘காம்ப்ளெக்‌ஷன்’ இன்று முகநிறமாகி, சிவப்பழகு கிரீம் விளம்பரத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. ‘மெலன்கலி’ என்பது நேராகக் கரும்பித்தம்.

மிளகு தின்றால் நெஞ்சடைக்கும் மருத்துவர்

கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்ததாகக் கருதப்படும் செக்ஸ்டஸ் எம்பிரிக்கஸ் என்ற தத்துவவாதி ஒரு பட்டியலை விட்டுப் போயிருக்கிறார். மனிதர்கள் இடியோசின்கிராசியாவால் எப்படியெல்லாம் வேறுபடுகிறார்கள் என்பதற்கு அவர் தரும் சான்றுகளில் சில:

1. அட்டிகா நாட்டில் ஒரு கிழவி 30 திராக்மா எடை ஹெம்லாக் நஞ்சை ஒன்றும் ஆகாமல் விழுங்கினாளாம். சாக்ரடீஸைக் கொன்ற அதே செடி.

2. அலெக்சாண்டரின் உணவு மேற்பார்வையாளர் டெமோஃபோன் வெயிலில் நின்றால் நடுங்குவார், நிழலில் நின்றால் அவருக்குச் சூடு.

3. ஆர்கோஸ் ஊர்க்காரர் ஆந்த்ரோன், லிபியப் பாலைவனத்தைத் தண்ணீர் குடிக்காமலே கடந்தார்.

4. அறுவை மருத்துவர் சொடெரிக்கஸுக்குக் கெளுத்தி மீன் பொரிக்கும் வாசனை பட்டாலே வயிற்றுப்போக்கு.

5. ஹெரோஃபிலஸ் மரபைச் சேர்ந்த மருத்துவர் கிரைசெர்மஸ் மிளகு தின்றால் அவருக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும்.

ஐந்தாவது ஆள்தான் எனக்குப் பிடித்தவர். அவர் காலத்தில் மத்தியதரைக் கடல் பக்கம் போன மிளகு பெரும்பாலும் நம் மலைகளிலிருந்து இறங்கியது. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் முசிறியை அகநானூற்றின் 149-ஆம் பாட்டு சொல்கிறது. எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில் ஒரு பழைய கோயில் தரையில் புதைத்திருந்த இந்தியச் சாடியில் சுமார் 7.5 கிலோ மிளகே கிடைத்தது. ஆக, மருத்துவ உலகின் பழைய ‘சேராமை’ப் பட்டியல் ஒன்றில் நாம் நல்லமிளகு என்று சொல்லும் சரக்குக்கும் ஓரிடம் உண்டு.

இந்தப் பட்டியலில் உள்ளதெல்லாம் உண்மையாக நடந்ததா என்பது வேறு சங்கதி, ஆந்த்ரோன் கதையை நான் நம்பமாட்டேன். செக்ஸ்டஸின் நோக்கமும் வம்பளப்பு இல்லை. அவர் ஐயவாதி. உடம்புகள் இவ்வளவு வேறுபட்டால் ‘இது சூடு, இது இனிப்பு’ என்று யாருடைய உடம்பை வைத்துத் தீர்ப்புச் சொல்வது என்று கேட்க வருகிறார். நமக்கு வேண்டியது ஒன்றுதான். இதில் ஒருவரையும் அவர் கிறுக்கர் என்று சொல்லவில்லை. எல்லாமே உடம்பு செய்வது, ஆள் செய்வது அல்ல.

உடம்பிலிருந்து நடத்தைக்கு

ஆங்கிலத்துக்குள் இந்தச் சொல் 1600-களின் தொடக்கத்தில் வந்தது. முதலில் உடல்வாகு என்ற மருத்துவப் பொருளில் மட்டும். அந்த நூற்றாண்டுக்குள்ளேயே மனத்தின் வாகுக்கும் நீண்டது. உடம்பின் கலவைதான் சுபாவத்தையும் செய்கிறது என்று நம்பியவர்களுக்கு இது தாவலே இல்லை, பக்கத்து அறைக்குப் போவதுதான். பிறகு சுபாவத்திலிருந்து அது வெளியே தெரியும் விதத்துக்கு: எழுதும் பாணி, பேசும் தோரணை, பேனாவைப் பிடிக்கும் முறை. அங்கிருந்து ‘வினோதப் பழக்கம்’.

இதே பாதையில் இன்னொரு சொல் முன்னாலேயே நடந்திருக்கிறது. ‘ஹ்யூமர்’ என்றால் லத்தீனில் ஈரம், நீர். உடம்பு நீர் என்பது மனநிலை ஆகி, 1590-களின் லண்டன் நாடக மேடையில் ஒருவரைப் பிடித்தாட்டும் கிறுக்காகி, கிறுக்கைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துக் கடைசியில் நகைச்சுவை ஆனது.

பக்கத்தில் நிற்கும் மற்றச் சொற்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ‘எக்சென்ட்ரிக்’ என்பது வானியலிலிருந்து வந்தது. கிரேக்கத்தில் ‘கென்ட்ரோன்’ என்றால் மாட்டைக் குத்தும் தார்க்கோல், கூர்முனை, பிறகு காம்பஸின் முள் ஊன்றும் இடம், அதாவது வட்டத்தின் நடு. சோதிடக் கணக்கோடு இந்தியாவுக்கு வந்து ‘கேந்திரம்’ ஆனதும் அதுவே. மலையாள டிவியில் மத்திய அரசைக் ‘கேந்த்ர சர்க்கார்’ என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் இந்தக் கிரேக்கச் சொல்லைத்தான் கேட்கிறோம். சூரியன் சுற்றும் வட்டத்தின் நடுவில் பூமி இல்லை, கொஞ்சம் தள்ளி இருக்கிறது என்று பழைய வானியலாளர் தாலமி போட்ட கணக்கில், நடு விலகிய வட்டம் ‘எக்சென்ட்ரிக்’. பூமியின் சுற்றுப்பாதைக்கு இன்றும் அந்த விலகல் அளவு சொல்கிறோம், ஏறத்தாழ 0.0167. மனிதரைப் பற்றிச் சொல்லும்போது ஊர் நடு ஒன்று இருக்கிறது, இவர் அதிலிருந்து விலகி நிற்கிறார் என்று ஆகிறது. 1859-இல் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில், அப்படி விலகி நிற்கத் துணிபவர்கள் இவ்வளவு குறைந்துபோனதே காலத்தின் பெரிய ஆபத்து என்று எழுதினார்.

வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. எக்சென்ட்ரிக் என்று சொல்ல ஒரு நடு வேண்டும், ஊரோடு ஒப்பிட வேண்டும். இடியோசின்கிரசிக்கு ஒப்பீடு கட்டாயமில்லை, ஒவ்வொருவருக்கும் ஒன்று உண்டு. ‘ஃபாய்பிள்’ வேறு, அது வாளின் வலுக்குறைந்த நுனிப்பகுதிக்குப் பெயர், சின்னப் பலவீனம் என்று பொருள். நம்மூர் “அவனுக்குக் கொஞ்சம் வட்டு” என்பது எக்சென்ட்ரிக் பக்கம், “அது அவனுக்க சீலம்” என்பது இடியோசின்கிரசிப் பக்கம். கையைத் திரும்பத் திரும்பக் கழுவி நாளே போய்விடுகிறது, நிறுத்த முடியவில்லை என்றால் அது இரண்டும் இல்லை, மருத்துவரிடம் பேச வேண்டிய விஷயம்.

மருத்துவத்தில் அந்தச் சொல் என்ன ஆனது

நான்கு நீர்க் கொள்கை போய்விட்டது. சொல் போகவில்லை, ஏனென்றால் அது சுட்டிய புதிர் போகவில்லை. முட்டை தின்றால் ஒருவருக்கு மட்டும் உடம்பு தடிப்பதை 19-ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் இடியோசின்கிரசி என்றே எழுதினார்கள். 1906-இல் வியன்னாவின் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே ‘அலர்ஜி’ என்ற புதுச் சொல்லை உருவாக்கிய பிறகு, அதில் பெரும்பகுதி அந்தப் பெயருக்கு மாறியது. மிச்சத்தின் கதை இப்படிப் போகிறது:

1. 1902-இல் லண்டன் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் கேரட், சிறுநீர் கறுக்கும் அல்காப்டோனூரியா என்ற நிலையை ஆராய்ந்து, ஒவ்வொருவர் உடம்பின் வேதியியலும் தனி, அது பரம்பரையாக வருகிறது என்றார்.

2. மலேரியாவுக்குப் பிரைமாகுயின் கொடுத்தால் சிலருக்கு மட்டும் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்தன. 1956-இல் காரணம் பிடிபட்டது: அவர்களுக்கு ஜி6பிடி என்ற நொதி குறைவு. பீரோவில் போடும் அந்துருண்டை கூட இவர்களுக்கு ஆபத்து, பிறந்த குழந்தையின் துணிக்குள் அதைப் போட்டு வைக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

3. இப்படி மரபணுவும் மருந்தும் சந்திக்கும் இடத்துக்கு 1959-இல் ஃபிரெட்ரிக் ஃபோகல் ‘ஃபார்மகோஜெனெட்டிக்ஸ்’ என்று பெயர் வைத்தார்.

4. வலிப்புக்குத் தரும் கார்பமாசெபைன் சிலருக்கு மட்டும் தோலை உரித்து உயிருக்கே உலை வைக்கும். தைவானில் 2004-இல் பார்த்தபோது அப்படிப் பாதிக்கப்பட்ட 44 பேருக்கும் எச்எல்ஏ-பி*15:02 என்ற ஒரே மரபணு வகை இருந்தது. 2007-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, ஆசிய வம்சாவளியினருக்கு இந்த மருந்தைத் தொடங்குமுன் சோதனை செய்யச் சொன்னது.

மருந்துத் தாளின் வரிக்கு இப்போது வரலாம். மருந்தின் பக்கவிளைவுகளை 1977 முதல் இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஏ வகை: மருந்து என்ன செய்யுமோ அதையே மிகுதியாகச் செய்வது, சர்க்கரை மருந்து கூடிப்போய்ச் சர்க்கரை இறங்குவது போல. பெரும்பாலானவை இந்த வகை, அளவைக் குறைத்தால் சரியாகும், யாருக்கும் வரலாம். பி வகை: மருந்தின் வழக்கமான வேலையோடு சம்பந்தமில்லாமல், வெகு சிலருக்கு மட்டும், முன்கூட்டிச் சொல்ல முடியாதபடி வருவது. இடியோசின்கிரேட்டிக் என்று தாள் சொல்வது இதைத்தான். கெட்ட மருந்து என்று அர்த்தமில்லை, மருத்துவர் தப்பு செய்தார் என்றும் ஆகாது. அளவைக் குறைத்துப் பார்ப்போம் என்பதும் இங்கே உதவாது, நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும், அந்த மருந்தின் பெயரை ஆயுளுக்கும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். புகார் கொடுக்க மத்திய அரசின் மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டத்துக்கு 1800-180-3024 என்ற இலவச எண் உண்டு.

“எனக்கு அயலை சேராது” என்பது இடியோசின்கிரசியா என்று கேட்டால், பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஐஸ் சரியாகப் போடாமல் வெயிலில் கிடந்த அயலையிலும் சூரையிலும் ஹிஸ்டமின் கூடிவிடும், சமைத்தாலும் அது போகாது. தின்றவர் எவருக்கும் முகம் சிவந்து உடம்பு தடிக்கலாம். அப்படியானால் குறை மீனில். வீட்டில் எல்லோரும் அதே சட்டியில் தின்று ஒருவருக்கு மட்டும், அதுவும் ஒவ்வொரு முறையும் தடித்தால், அவருடைய உடம்பைச் சந்தேகிக்கலாம்.

பணத்தில்

இங்கே சுருக்கமாகப் போய்விடலாம். 1952-இல் பொருளியலாளர் ஹாரி மார்கோவிட்ஸ் தொடங்கி 1964-இல் வில்லியம் ஷார்ப் வரை வளர்த்த கணக்கில் முதலீட்டின் ஆபத்து இரண்டு வகை. குலசேகரம் பக்கம் ஒருவர் தோட்டத்தில் மட்டும் ரப்பர் மரங்கள் பால் வற்றிப்போனால் அது அவருக்கே உரிய ஆபத்து, இடியோசின்கிரேட்டிக். ரப்பர் விலை விழுந்தால் எல்லாத் தோட்டக்காரருக்கும் சேர்த்து அடி. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் வந்து குமரி மாவட்டத்தின் ரப்பரையும் வாழையையும் சாய்த்தது இரண்டாவது ரகம்.

முதல் வகையைப் பரப்பிவைத்துக் கரைக்கலாம்: பல கம்பெனிப் பங்குகள் இருந்தால் ஒன்றின் சறுக்கல் பெரிதாகத் தெரியாது. இரண்டாவதை அப்படிக் கரைக்க முடியாது. ஃபண்டுக்காரர் “எங்கள் திட்டம் ஆபத்தைக் குறைக்கிறது” என்று சொன்னால் எந்த வகையை என்று கேளுங்கள், பெரும்பாலும் முதல் வகையைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்.

பேச்சில்

1948-இல் மொழியியலாளர் பெர்னார்ட் பிளாக், ஒரு தனி ஆளின் பேச்சுக்கு ‘இடியோலெக்ட்’ என்று பெயர் கொடுத்தார். அதே ‘இடியோஸ்’. வட்டார வழக்கு ஊருக்குச் சொந்தம், இது ஆளுக்குச் சொந்தம். விளவங்கோடு தாலுகாவில் வீட்டுக்குள் ‘எனக்க’, ‘வெள்ளம்’, பாறசாலைச் சந்தையில் மலையாளம், நாகர்கோவில் அலுவலகத்தில் புத்தகத் தமிழ், போனில் கொஞ்சம் ஆங்கிலம் என்று பேசுகிறவரின் கலவை அவருடைய அண்ணன் கலவையோடுகூட ஒத்துப்போகாது.

இது வெறும் ரசனைக்கு உரியதல்ல, துப்பறியவும் உதவும். அமெரிக்காவில் 17 ஆண்டுகள் பார்சல் குண்டுகள் அனுப்பிய தியடோர் கசின்ஸ்கியின் நீண்ட அறிக்கை 1995 செப்டம்பரில் நாளிதழில் வெளியானது. பெயர் இல்லாத அந்த அறிக்கையின் கருத்துகளிலும் சில சொற்றொடர்களிலும் அண்ணனின் சாயலைக் கண்டுபிடித்தவர் தம்பி. பழைய கடிதங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துப் போலீசுக்குத் தகவல் போனது. 1996 ஏப்ரல் 3-ஆம் தேதி கசின்ஸ்கி கைதானார்.